கையெழுத்துப் போட்டவர் முதுகு

சட்டம் அமலுக்கு வந்த முதல் நாள் காலை எட்டு இருபதுக்கு, சுடலைக்கண்ணு மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் ஆவுடையப்பன் தரைத்தளத்தில் தன் அறையில் உட்கார்ந்து இட்லியைச் சட்னியில் தோய்த்த அதே நொடியில், மூன்றாம் மாடியில் பதினோராம் கட்டில்காரரைப் புரட்டினார்கள். ஆவுடையப்பன் அலறிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். முக்கால்வாசி எழுந்தவர் அந்த முக்கால்வாசியிலேயே நின்றுவிட்டார். யாருக்கோ மரியாதை கொடுக்கப் போய் நடுவில் மனம் மாறியவர் மாதிரி இருந்தது. இட்லி சட்டைப் பையில் விழுந்து, பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டது.

சுடலை என்ற பெயரில் ஓர் ஆஸ்பத்திரியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பாளையங்கோட்டைக்காரர்கள் கேட்பதில்லை. குலசாமி பெயர் வைத்த இடத்தில் சாமிக்குத் தெரியாமல் உயிர் போகாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நிறுவனர் சுடலைக்கண்ணு ஐயாவுக்கும் அதே நம்பிக்கை. மற்றபடி அது எல்லா ஆஸ்பத்திரியையும் போலத்தான். லிஃப்ட் ஒன்று வேலை செய்யும், ஒன்று வேலை செய்யப் போகும்.

சட்டம் வந்த கதை இது. நர்ஸ்களுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் முதுகு, தோள், முழங்கால் எல்லாம் நாற்பது வயதுக்குள் போய்விடுகிறது என்று அரசாங்கத்துக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வருடா வருடம் ஒரு படிவம் அனுப்பிக் கேட்டது. 'உங்கள் வலியை பூஜ்யம் முதல் பத்து வரை குறிப்பிடவும்.' எல்லோரும் பூஜ்யம் போட்டார்கள். ஒன்று போட்டவர்களுக்கு அடுத்த வருடம் படிவம் வரவில்லை, வேலையே இல்லாததால். இப்படியாக உலகத்திலேயே குறையில்லாத முதுகுகள் தமிழ்நாட்டு நர்ஸ்களுடையவை என்று பத்து வருடம் புள்ளிவிவரம் சொன்னது. 2043இல் அரசாங்கம் ஆட்களிடம் கேட்பதை விட்டுவிட்டு நேராக முதுகிடம் கேட்பது என்று முடிவு செய்தது.

சட்டம் அமலுக்கு வருவதற்கு முந்தின நாள்தான் தொழில்நலத் துறையிலிருந்து நூருன்னிஸா வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மேலப்பாளையத்துப் பெண். கையில் இரண்டு பெட்டி. ஒன்றில் வார்டு ஆட்களுக்கான மெல்லிய உள்சட்டைகள், இன்னொன்றில் ஒரே ஒரு பட்டை.

"இந்தச் சட்டையைப் போட்டவங்க முதுகு என்ன உணருதோ, அது அப்படியே இந்தப் பட்டையைக் கட்டினவங்களுக்கு வரும் சார். எந்த நேரத்துல யாரு முதுகு ரொம்ப மோசமா இருக்கோ, அவங்க முதுகு."

"அப்ப என் முதுகு?"

"அது உங்களுக்குத் தெரியாது. பட்டை அத மறைச்சிரும். காலைல எட்டு மணிலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் உங்களுக்கு அவங்க முதுகுதான்."

"ஏம்மா, இதுல நான் எங்க வந்தேன்? நான் ஆளயா தூக்குதேன்? டியூட்டி லிஸ்ட்ல கையெழுத்துதான போடுதேன்?"

"சட்டத்துல அதான் சார் இருக்கு. டியூட்டி லிஸ்ட்ல யாரு கையெழுத்துப் போடுதாங்களோ, அவங்க."

ஆவுடையப்பன் பதினாறு வருடமாக வளைத்து வளைத்துப் போட்டுவந்த தன் கையெழுத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். அதில் ஒரு முதுகெலும்பின் சாயல் இருந்தது.

முதல் வாரம் அவர் வார்டை முதுகால் படித்தார். எட்டரைக்கு இடுப்புக்குக் கீழே சுரீரென்றால் படுக்கை விரிப்பு மாற்றுகிறார்கள். பத்து மணிக்கு வலது தோளில் ஆணி அறைந்தால் நோயாளிகளை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்கிறார்கள். பதினொன்றேகாலுக்கு எல்லாம் சேர்ந்து வந்தால் பதினோராம் கட்டில் பிச்சுமணி எக்ஸ்ரேக்குப் போகிறார். பிச்சுமணி கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து இரண்டு மாதமாகக் கிடக்கிறார். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவர் இளைத்தால் வார்டு பிழைக்கும் என்று டயட்டீஷியன் கஞ்சி எழுதிக்கொடுத்தார். அவர் இளைத்தால் தொழில் போய்விடும் என்று அவர் மனைவி தூக்குவாளியில் நெய்ச்சோறு கொண்டுவந்தார்.

ஆவுடையப்பன் தலைமை ஊழியர்கள் கூட்டத்தில் "அடுத்த பொருள், வாகன நிறுத்..." என்று தொடங்கி "எய்யா சாமி!" என்று முடிப்பார். தொலைபேசியில் கலெக்டர் அலுவலகத்திடம் பேசும்போது முனகுவார். எதிர்முனையில் இருந்தவர் தவறாக நினைத்து வைத்துவிட்டார்.

நான்காம் நாள் பொறுக்கமுடியாமல் மாடியேறிப் போனார். பதினாறு வருடத்தில் ஆண்கள் பக்கவாத வார்டுக்கு அவர் போனது ஐந்து முறை. ஐந்தும் ஆய்வு.

வார்டுப் பொறுப்பு நர்ஸ் ஜெபசெல்வி வாசலில் நின்றாள். ஐம்பத்தொரு வயது. குள்ளம். முப்பது வருடமாகத் தன்னைவிட இரட்டிப்பு எடையுள்ள ஆண்களைப் புரட்டிப்போட்டு, "மாமா, அந்தப் பக்கம் பாருங்க, சுவர்ல படம் போடுதான்" என்று அதட்டிக்கொண்டிருப்பவள்.

"என்ன சார், கோணிட்டு நிக்கீங்க?"

"நான் கோணல. நீங்க கோணுதீங்க. யாரு இப்ப தூக்கினது?"

"நான்தான்."

"வலது இடுப்புல, கீழ, உள்ளுக்குள்ள ஒரு எடம். அங்கன யாரோ ஸ்க்ரூ டிரைவர வச்சு..."

"திருகுத மாதிரி இருக்குமே, அதா?" ஜெபசெல்வி முகம் மலர்ந்தது. சொந்த ஊர்க்காரரை வெளியூர் பஸ்ஸில் பார்த்தவள் மாதிரி. "அது எனக்குப் பதினோரு வருசமா இருக்கு சார். மொத மொத இப்பதான் ஒருத்தருக்கு விளங்கியிருக்கு."

ஆவுடையப்பன் நின்று பார்த்தார். கட்டில்களின் உயரத்தை ஏற்றும் கைப்பிடிகள் எல்லாம் எப்போதோ கழன்று காணாமல் போயிருந்தன. எல்லாக் கட்டிலும் முழங்கால் உயரத்தில் கிடந்தது. மூன்று பெண்கள் பிச்சுமணிக்கு அடியில் போர்வையைக் கொடுத்து, குனிந்து, "ஒண்ணு, ரெண்டு" என்றார்கள். மூன்று சொல்வதற்குள் ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கிடுங்க சார்" என்றார் பிச்சுமணி, வாய் கோணியபடி. அவர் யார் தூக்கினாலும் மன்னிப்புக் கேட்பார். இப்போது தூக்காதவரிடமும் கேட்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் ஆவுடையப்பன் பம்பரமாகச் சுழன்றார், அதாவது ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி. கட்டில்களின் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். ஆளை இழுக்க வழுவழுப்பான துணி வேண்டும் என்றாள் ஜெபசெல்வி. ஸ்டோரில் தேடியதில் சுடலைக்கண்ணு ஐயாவின் எழுபதாவது பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் பேனர்கள் பதினான்கு கிடைத்தன. ஃப்ளெக்ஸைப் போல வழுக்குவது வேறில்லை. வெட்டி, ஓரம் தைத்து, கட்டிலுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அன்றிலிருந்து மூன்றாம் மாடியில் ஒவ்வொரு நோயாளியும் ஐயாவின் புன்னகைமேல் வழுக்கியே ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் போனார்.

ஆனால் முக்கியமானது தூக்கு மெஷின். ஆளைத் தொட்டிலில் போட்டு, பொத்தானை அழுத்தினால் தானே தூக்கும். இரண்டு மெஷினும் நான்கு ஆட்களும் வேண்டுமென்று ஆவுடையப்பன் ஃபைல் எழுதி ஐயாவுக்கு அனுப்பினார். ஃபைல் மறுநாளே திரும்பியது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வார்த்தை: 'அவசியமில்லை'. மறுபடி அனுப்பினார். அதே பென்சில். மூன்றாம் முறை, தன் வலியை ஒன்றரைப் பக்கத்துக்கு உவமைகளோடு எழுதினார். இந்த முறை ஐயா கூடுதலாக ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: 'நல்ல நடை.'

மூன்றாம் வாரம் ஓர் அதிசயம் நடந்தது. வலி குறைந்தது. திங்கட்கிழமை பாதி. புதன்கிழமை கால்வாசி. வெள்ளிக்கிழமை ஆவுடையப்பனுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. எட்டரைக்குக் காத்திருந்தார், வரவில்லை. பத்துக்குக் காத்திருந்தார். பதினொன்றேகாலுக்கு மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒன்றுமே இல்லை.

"கோமதி, இரும்புக் கம்பி மாதிரி இருக்கு" என்று மனைவியிடம் பெருமையடித்தார். "மரக்கட்டயும் ஃப்ளெக்ஸும் போதும்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

"எங்கிட்ட எப்பச் சொன்னீங்க? எங்கிட்ட முனகத்தான செஞ்சீங்க" என்றாள் கோமதி.

மாநிலத்திலேயே முதுகு வலியை ஒழித்த முதல் மருத்துவமனை என்று துறை அவருக்குக் கேடயம் கொடுத்தது. விழா ஒரு கல்யாண மண்டபத்தில், காலை பத்தரைக்கு. ஆவுடையப்பன் மேடையில் நிமிர்ந்து நின்றார். மைக்கில் சில வார்த்தைகள் பேசினார். சில என்றால் நாற்பது நிமிடம். "ஊழியரின் வலி என் வலி" என்ற இடத்தில் கைதட்டல் வந்தது. அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"சார்" என்றது வார்டிலிருந்து ஒரு குரல். "ஜெபசெல்வி அக்கா பதினொன்ன தூக்கும்போது அப்படியே உக்காந்துட்டாங்க. எந்திரிக்க முடியல. கால் மரத்துப்போச்சுன்னு சொல்லுதாங்க."

ஆவுடையப்பன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பட்டை இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. முதுகு மட்டும் சுகமாக இருந்தது, வெட்கமில்லாமல்.

கேடயத்தோடு மாடியேறினார். பன்னிரண்டாம் கட்டிலில் ஜெபசெல்வி குப்புறக் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் பிச்சுமணி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வார்டு மூலையில் குளுக்கோஸ் ஏற்றும் கம்பி ஸ்டாண்டு ஒன்று நின்றது. அதன்மேல் பதினொரு உள்சட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காகப் பொத்தான் போட்டு மாட்டியிருந்தன. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் வசதி அடுத்த வருடத்து மாடலில்தான் வருகிறது.

ஆவுடையப்பனுக்கு மெல்ல விளங்கியது. இரண்டு வாரமாக அவர் அனுபவித்தது ஸ்டாண்டின் முதுகை.

"ஏன் சிஸ்டர்? ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

ஜெபசெல்வி தலையணையைப் பார்த்துப் பேசினாள். "நீங்க கத்துறது மூணு மாடிக்கும் கேக்கு சார். ஒரு தடவ நாங்க தூக்கும்போது கீழ எதோ ஒடஞ்ச சத்தம். பாத்தா நீங்க டம்ளரோட விழுந்து கிடந்தீங்களாம். பாவமால்லா இருந்துச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ள வேற வச்சிருக்கீங்க. எங்களுக்குன்னா பழகிட்டு. உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"எனக்கு வலிக்கணும்னுதான சிஸ்டர் சட்டமே!"

"அதுக்காக? கண்ணு முன்னால ஒரு மனுசன் துடிக்கத பாத்துட்டு இருக்க முடியுமா? நாங்க நர்ஸ் சார்."

சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்கமாட்டார்கள். ஆவுடையப்பன் கேடயத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார்.

எலும்பு டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். படுத்திருந்தால் பத்து நாளில் எழுந்துவிடலாம். ஆனால் இன்னொரு முறை ஆளைத் தூக்கினால் அப்புறம் அவளைத்தான் ஆள் தூக்க வேண்டியிருக்கும். அடுத்த மாதம் முதல் தேதி ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். தூக்க முடியாதவரை வார்டு நர்ஸாகப் புதுப்பிக்க விதியில்லை. மெஷின் இருந்தால் தூக்கவே வேண்டாம், விதியும் வேண்டாம். முதல் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்.

"என் பேர மட்டும் லிஸ்ட்லருந்து எடுத்துராதீங்க சார்" என்றாள் ஜெபசெல்வி. அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவள் அதட்டல் இல்லை.

நூருன்னிஸா ஆவுடையப்பன் அறையில் உட்கார்ந்து ஸ்டாண்டு விவகாரத்தைக் கேட்டுக்கொண்டாள். சிரிக்கக்கூடாது என்று அவள் எடுத்த முயற்சி அவள் கழுத்தில் தெரிந்தது.

"சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கும்மா" என்றார் ஆவுடையப்பன். "கையெழுத்துப் போடுதவனுக்கு வலிக்கு. மெஷின் வாங்கச் சொல்லுதவருக்கு வலிக்கல. எனக்கு வலிச்சு என்ன செய்ய? ஃபைல்தான் எழுத முடியும்."

"அப்ப வாங்கச் சொல்லுதவர கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆவுடையப்பன் காலண்டரைப் பார்த்தார். மறுநாளைக்கு மறுநாள் ஆயுத பூஜை.

சுடலைக்கண்ணு மருத்துவமனையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்டெதாஸ்கோப், கத்தரிக்கோல், எக்ஸ்ரே மெஷின், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தபிறகு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு தாளில் ஐயா பிள்ளையார் சுழி போட்டு ஒரு கையெழுத்துப் போடுவார். எந்தத் தாள் என்று பார்க்கமாட்டார். முப்பது வருடமாக வெற்றுத்தாளே வைப்பார்கள். இந்த முறை ஆவுடையப்பன் அடுத்த நாளிலிருந்து தொடங்கும் டியூட்டி லிஸ்டை வைத்தார். ஐயா சுழி போட்டார், கையெழுத்துப் போட்டார், பொரிகடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நூருன்னிஸா பட்டையோடு ஐயாவின் அறைக்குள் நுழைந்தாள். ஆவுடையப்பன் அவளுக்குப் பின்னால் நுழைந்தார். எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால்.

சுடலைக்கண்ணு ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது. எதிரிலிருப்பவரை எப்போதும் கொஞ்சம் குனிந்து, கீழிருந்து மேலாகப் பார்ப்பார். அது அவருடைய கம்பீரம் என்று எல்லோரும் சொல்வார்கள். லிஸ்டைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார். "கட்டும்மா."

மூன்றாம் மாடியில் பத்துப் பேர் சட்டையை ஒழுங்காக மாட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் பாவம் பார்க்கக்கூடாது என்று ஆவுடையப்பன் காலையில் இரண்டு முறை போய் கைகூப்பிவிட்டு வந்திருந்தார். எட்டரை ஆயிற்று. ஐயா காபியை ஆற்றிக் குடித்தார். விரிப்பு மாற்றியாயிற்று என்று போன் வந்தது. ஐயா பேப்பரைப் புரட்டினார். பதினொன்றைத் தூக்கியாயிற்று என்று போன் வந்தது. ஐயா ஒரு மரண அறிவிப்பைப் படித்து "நம்ம ஆளுதான்" என்றார்.

"மறுபடியும் தூக்கச் சொல்லுங்க" என்றாள் நூருன்னிஸா மெதுவாக.

மறுபடியும் தூக்கினார்கள். மூன்றாம் முறையும் தூக்கினார்கள். "நான் என்ன சாமி பல்லக்கா?" என்று பிச்சுமணி கேட்டதாகத் தகவல் வந்தது. மன்னிப்புக் கேட்காமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தன மணிக்கு ஆரம்பிக்கும்?"

"ஐயா... ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. இடுப்புல ஒண்ணும் தெரியலயா? ஸ்க்ரூ டிரைவரால திருகுத மாதிரி?"

"அதா? அது இருக்கு. எப்பவும் இருக்கதுதான."

நூருன்னிஸா பேனாவைக் கீழே வைத்தாள். "எப்பலருந்து ஐயா?"

"இருபத்திநாலு வயசுல கம்பவுண்டரா இருந்தேன். லிஃப்ட் கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டர தோள்ல வச்சு மாடிக்குக் கொண்டுபோவேன். அதே மாடிலருந்து ஆள முதுகுல சுமந்து இறக்குவேன். ஒரு நாள் சுருக்குன்னுச்சு. அன்னைலருந்து." ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாருக்கும் இருக்கதுதான? வயித்துக்குப் பசி மாதிரி, முதுகுக்கு அது. ஏன், உங்களுக்கு இல்லயா?"

பென்சிலால் எழுதிய 'அவசியமில்லை' என்ற வார்த்தை ஆவுடையப்பனுக்கு இப்போதுதான் முழுசாகப் படிக்கக் கிடைத்தது. ஐயா கஞ்சத்தனத்தில் எழுதவில்லை. தண்ணீர் ஈரமாக இருக்கிறது, மெஷின் வேண்டும் என்று ஃபைல் வந்தால் அவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

"நாப்பத்தெட்டு வருசம் நான் இதோட நடக்கேன்லா?" என்றார் ஐயா. "அவங்களும் நடப்பாங்க. போங்க, வேலயப் பாருங்க."

வெளியே வந்ததும் ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்தார். "முடிஞ்சுது. ஜெபசெல்வி வேலை போச்சு. என் வேலையும் மதியத்துக்குள்ள போயிரும்."

நூருன்னிஸா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "சார், பட்டை வலியத்தான் கொண்டுவரும்னு யாரு சொன்னா? அது முதுகக் கொண்டுவரும். அவ்வளவுதான். சோதனைக்காக ஒரே ஒரு ஆள் முதுக மட்டும் அஞ்சு நிமிசம் தனியா திறந்துவிடலாம். துறை அனுமதி இருக்கு. பழுதில்லாத முதுகு ஒண்ணு கிடைச்சா..."

"இந்த ஆஸ்பத்திரில முந்நூறு பேர் இருக்கோம். ஒண்ணு கிடைக்காமலா போகும்?"

அவள் கையில் ஒரு சோதனைக் கருவி இருந்தது. முதுகில் வைத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். முதலில் ஆவுடையப்பன் திரும்பி நின்றார். மஞ்சள். "நாற்காலிக்கு ஏத்த மாதிரி வளைஞ்சிருக்கு சார்" என்றாள். பல் டாக்டர், நாள் முழுக்க மற்றவர் வாய்க்குள் எட்டிப் பார்த்ததில், கழுத்து வரை சிவப்பு. எக்ஸ்ரேக்காரர் ஈய அங்கி சுமந்து சிவப்பு. லேபில் மஞ்சள், மஞ்சள், சிவப்பு. ஆம்புலன்ஸ் டிரைவர் முதுகில் வைத்தபோது கருவி ஒரு மாதிரி சத்தம் போட்டது. பிசியோதெரபிஸ்ட் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைத் தூக்கினார். சிவப்பு. "பேஷண்ட்ஸ்க்குத் தெரிய வேண்டாம்" என்றார். பெருக்குகிறவர், சலவைக்காரர், தள்ளுவண்டி தள்ளுகிறவர் எல்லோரையும் பார்த்தாயிற்று. கருவியின் பச்சை விளக்கு வேலை செய்கிறதா என்றே நூருன்னிஸாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு ரிசப்ஷன் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்கள். மடியில் துணிப்பை, கையில் வேலை உத்தரவு. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். இருபத்தொரு வயது. பெயர் முத்துப்பேச்சி. நர்ஸாக அன்றுதான் முதல் நாள்.

பச்சை.

நூருன்னிஸா கருவியைத் தட்டிவிட்டு மறுபடியும் வைத்தாள். பச்சை.

"எனக்கு எதும் நோயா அக்கா?" என்றாள் முத்துப்பேச்சி.

"ஒண்ணுமே இல்ல பிள்ள" என்றார் ஆவுடையப்பன். "ஒண்ணுமே இல்ல."

அவளுக்குச் சட்டையை மாட்டி, அறைக்கு வெளியே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சோதனை இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி என்று சொன்னபோது ஐயா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சீக்கிரம் முடிங்க."

நூருன்னிஸா பொத்தானை அழுத்தினாள்.

ஐயா சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"யாருய்யா?" என்றார். "யாரோ முதுகுலருந்து கைய எடுத்தாப்ல இருக்கு."

மேசையில் கையை ஊன்றாமல் எழுந்தார். எழுந்துவிட்டோம் என்பதில் அவருக்கே நம்பிக்கை வராமல் மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். பென்சிலைத் தரையில் போட்டுவிட்டுக் குனிந்து எடுத்தார். இன்னொரு முறை போட்டார், எடுத்தார். மூன்றாம் முறை போட்டபோது சிரித்துவிட்டார். நிமிர்ந்து நின்ற ஐயாவை ஆவுடையப்பன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பதினாறு வருடமாகத் தன்னைவிடக் குள்ளமானவரிடம் வேலை பார்ப்பதாக அவர் நினைத்திருந்தார்.

ஐயா கதவைத் திறந்து மாடியேறத் தொடங்கினார். இருவரும் பின்னால் ஓடினார்கள். ஓரிடத்திலும் கைப்பிடியைத் தொடவில்லை. மூன்றாம் மாடி வார்டில் நுழைந்ததும் நின்றார். பிச்சுமணிக்கு அடியிலிருந்த ஃப்ளெக்ஸிலிருந்து ஐயாவே ஐயாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது என் மூஞ்சில்லா?"

"ஆமா ஐயா" என்றார் ஆவுடையப்பன், செத்த குரலில்.

"நல்லா வழுக்குதா?"

"நல்லா வழுக்குது ஐயா" என்றாள் ஜெபசெல்வி, பன்னிரண்டாம் கட்டிலில் குப்புறக் கிடந்தபடி.

ஐயா அவள் பக்கத்தில் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு சுலபமாக அவர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எத்தன வருசமா உனக்கு இந்த ஸ்க்ரூ டிரைவரு?"

"பதினோரு வருசம் ஐயா."

"அதுக்கு முன்னால எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

ஜெபசெல்வி யோசித்தாள். நேர்மையாக ரொம்ப நேரம் யோசித்தாள். "இல்ல ஐயா. மறந்துபோச்சு."

"இப்படி இருக்கும்" என்றார் ஐயா. அதற்கு மேல் சொல்ல வார்த்தை கிடைக்காமல் உள்ளங்கையை விரித்து, காலியாகக் காட்டினார்.

நூருன்னிஸாவின் கையில் மணி அடித்தது. ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. வார்டின் முதுகுகள் பட்டைக்குத் திரும்பின.

ஐயா முழங்காலிட்ட இடத்திலிருந்து கட்டில் சட்டத்தைப் பிடித்தார். எழ முடியவில்லை. காலையில் காபி குடித்துக்கொண்டே சுமந்த அதே வலிதான், அதே அளவுதான். ஆனால் அவர் முகம் வெளுத்து, நெற்றி வேர்த்தது.

"இவ்வளவா?" என்றார். "இத்தன நாளும் இவ்வளவா இருந்துச்சு?"

இரண்டு பேர் அவரைத் தூக்கிவிடக் குனிந்தார்கள். "தூக்காத! யாரும் தூக்காத!" என்று ஐயா கத்தினார். அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் கேட்காத உத்தரவு அது. அவரே கட்டிலைப் பிடித்துப் பிடித்து, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் ஆவுடையப்பன் ஃபைலையும் டியூட்டி லிஸ்டையும் கொண்டுவந்துவிட்டார். ஐயா பென்சிலால் எழுதியதைப் பேனாவால் அடித்தார். மெஷின் இரண்டில்லை, மாடிக்கு இரண்டு என்று திருத்தினார். லிஸ்டில் ஜெபசெல்வியின் பெயருக்கு நேராக, மெஷின் பொறுப்பு என்று எழுதினார்.

"மெஷின் வந்தா அந்த முதுகு எனக்குத் திரும்பக் கிடைக்குமாம்மா?"

"தனியா கிடைக்காது ஐயா" என்றாள் நூருன்னிஸா. "லிஸ்ட்ல யாரு முதுகு ரொம்ப மோசமோ, அதான் உங்களுக்கு வரும். கடைசி ஆளு முதுகும் தேறினாத்தான்."

ஐயா வார்டைப் பார்த்தார். ஒவ்வொருவர் முதுகாக, கடன்காரனைப் பார்ப்பது போல இல்லாமல், வாரிசைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அடுத்த மாச லிஸ்ட்டையும் கொண்டா ஆவுடை. நானே போடுதேன்."

வாசலில் யாரோ தயங்கி நின்றது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. துணிப்பையும் வேலை உத்தரவுமாக முத்துப்பேச்சி.

"சட்டையக் கழட்டலாமான்னு கேக்க வந்தேன் அக்கா" என்றாள் நூருன்னிஸாவிடம். பிறகு காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "எனக்கு ஆண்கள் பக்கவாத வார்டுன்னு போட்டிருக்கு. இப்பவே சேரணுமாம். அது இதுதானா?"

பிச்சுமணி மூச்சை இழுத்து, தன்னால் ஆன மட்டும் எடையைக் குறைத்துக்கொண்டார்.

ஐயா ஒரு நாற்காலியை அவளை நோக்கித் தள்ளினார். தள்ளும்போது வலித்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது.

"உக்காரு தாயி" என்றார். "மெஷின் வரட்டும்."